வேரும் பூவும் இல்லாத இருபத்திரண்டு செடிகள்

வடக்குப்பட்டு ஏரிக்கரைத் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் வசந்தகுமார். அவனுடைய நான்காவது வயதில் அம்மா இறந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அக்கா அம்சவல்லிதான் கீரை விற்று அவனை வளர்த்தாள். அவன் ஒரகடம் பள்ளிக்கு நடந்த முதல் நாளும், தாவரவியல் படிக்கத் தாம்பரம் பஸ் ஏறிய நாளும் என்ன தேதி, என்ன கிழமை என்று கேட்டால் தயங்காமல் சொல்வாள்.

1991 மார்ச்சில் அவனுக்குக் கடைசி வருடம். அடையாற்றுக்குத் தண்ணீர் விடும் ஏரிகளில் என்னென்ன செடி முளைக்கிறது, எந்தச் செடியில் எந்த உயிர் வந்து தங்குகிறது என்று எழுதி, அறுபது செடிகளை உலர்த்தி ஒட்டித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் வீண். முப்பத்தெட்டு முடிந்திருந்தது. செய்முறைத் தேர்வுக்காக ஒரு வாரம் நண்பன் அறையில் தங்கப் போனவன், மீதி இருபத்திரண்டின் பெயரை எழுதி அக்காவிடம் கொடுத்தான்.

“புடுங்கி பேப்பர் நடுவுல வச்சி, மேல கல்ல வையிக்கா. போதும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து பேப்பரைப் பிரித்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, வேரு எங்க?”

“வேரா? அத்த யாருடா துன்னுவாங்க? ஒட்ட நறுக்கிட்டேன்.”

“பூவு?”

“பூ வுட்டா முத்தல்னு ஒருத்தரும் வாங்க மாட்டாங்கடா. ஒண்ணு வுடாம கிள்ளிட்டேன். இலைக்கடியில நத்த முட்ட வேற கொழகொழன்னு ஒட்டிக்கினு இருந்திச்சு. மூணு தண்ணி வுட்டு அலசிட்டேன்.”

அவள் கட்டிய கீரையில் மண் இருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. வசந்தகுமார் தலையில் கை வைத்துக்கொண்டான். வேரும் பூவும் இருந்தால்தான் இன்ன செடி என்று ஒப்புக்கொள்வார்களாம். அதைக் கேட்டதும் அம்சவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியின் படிப்பைத் தன் கையாலேயே நறுக்கிப் போட்டுவிட்டாளே!

கடைசியில் அவனே சிரித்துவிட்டான். “ஏரிய கொழம்பு வைக்கச் சொல்லியிருந்தா நீதான்க்கா ஃபர்ஸ்ட்டு. காலைல வா, மறுபடி புடுங்கலாம்.”

“காய ஒரு வாரம் ஆவுமேடா?”

“அப்பாவு அண்ணன்கிட்ட இஸ்திரிப் பெட்டி கீது இல்ல?”

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் ஏரியில் இறங்கினார்கள். நீர்முள்ளி அவள் விரலைக் கிழித்தது. அல்லிக் கொடியை இழுத்தபோது நாமக்கோழி ஒன்று தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடியது. அவன் அதையும் எழுதிக்கொண்டான். நத்தை முட்டை ஒட்டிய இலையை அவள் இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். இருபத்தொன்று சேர்ந்தது. ஆராக்கீரைக்கு மட்டும் பூ அகப்படவில்லை. வெயில் ஏறியும் குனிந்தபடி தேடினாள்.

“அக்கா, மேல வா. அது பூக்காது. பெரணி சாதி.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? இடுப்பு ஒடஞ்சிப் போச்சு!”

தண்ணீர் வற்றிய ஓரத்தில் ஓர் ஆராக்கீரைக் கொடியை வேரோடு பெயர்த்தான் வசந்தகுமார். தண்டின் அடியில் கொள்ளு போலச் சின்னச் சின்ன காய்கள். வித்து அதற்குள்தான் இருக்கிறதாம். இத்தனை வருடமாக அவள் வேரோடு நறுக்கி எறிந்தது அதைத்தான்.

“இன்னாபா, கீரைக்கு இஸ்திரியா?” என்றார் தெருமுனை இஸ்திரிக்காரர் அப்பாவு. “மடிப்பு வச்சித் தரவா?”

கரியைக் குறைத்துப் போட்டு, பேப்பருக்கு நடுவில் வைத்து, அவர் தேய்த்துத் தேய்த்து ஈரத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலை. ஒவ்வொரு இலையும் மடங்காமல் இருக்கிறதா என்று அம்சவல்லி விரலால் தடவிப் பார்த்து அடுக்கினாள்.

திங்கட்கிழமை ஐந்து மணி பஸ்ஸிலிருந்து அவன் இறங்கும்போது அவள் நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

“சாரு அறுபதையும் ஒத்துக்கினாருக்கா. ஆராக்கீரையக் காயோட கொண்டாந்தது நான் ஒருத்தன்தானாம்.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, நடடா. சோறு ஆறிப்போவுது” என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவளுக்குப் பசித்தது.