யோகேஸ்வரி போட்ட நான்கு துளைகள்

யோகேஸ்வரி பத்தொன்பது வருஷமாகத் தொழிற்சாலை பஸ் ஏறிப் போய் பிளாஸ்டிக் பெட்டிகளுக்குத் துளை போட்டுவிட்டு வருகிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு துளை. ஒன்றில் மயிரிழை கீறல் விழுந்தாலும் மொத்தப் பெட்டியும் குப்பைக்குத்தான். அவள் கையால் குப்பைக்குப் போன பெட்டியை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதெல்லாம் வீட்டில் யாருக்குத் தெரியும்? "என் பொண்டாட்டிக்கு ஓட்டை போடற வேலை லா" என்று லாரி ஓட்டும் அவள் கணவன் திருச்செல்வம் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரித்து வைப்பாள். உள்ளே சுருக்கென்று தைக்கும். பெற்ற தாய் பேச்சியம்மாளோ, "அவளுக்கு ஏதோ கம்பெனி வேலை" என்பதோடு சரி.

அதற்காகத் திருச்செல்வத்தைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். கோத்தா திங்கி ஊரில் ஆற்றோரத்து வாடகை வீட்டில் மூன்று முறை வெள்ளம் பார்த்துவிட்டு, மேட்டுப் பக்கம் சொந்த வீடு வாங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. "சாமி மேடைய கடையில வாங்கறதா? நானே செய்றேன் அத்தை!" என்று மாமியாரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டான்.

பலகையெல்லாம் அறுத்தாயிற்று. மேலே வளைவு செதுக்க ரூட்டர் வேண்டும். வீட்டில் இணையம் தருகிற பெட்டியில்லை, மரத்தில் விளிம்பு செதுக்குகிற கைமெஷின். பழையது ஒன்று கிடைத்தது. அடித்தட்டுதான் உடைந்திருந்தது. "ஒரு தட்டு தானே?" என்று பெயர்ப்பலகைக் கடையிலிருந்து நடுவில் பெரிய ஓட்டை வெட்டிய மூன்று அக்ரிலிக் பிளாஸ்டிக் துண்டுகள் வாங்கி வந்தான். நான்கு திருகுக்கு நான்கு துளை போட்டால் தட்டு தயார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தான். மூன்று துளை ஒழுங்காக விழுந்தது. நாலாவது முடியப்போகும் நேரத்தில் ஓர் அழுத்து அழுத்தினான். டிக்! தட்டு குறுக்கே பிளந்தது. அடுத்ததை வேகமாகச் சுழற்றினான். பிளாஸ்டிக் உருகி, துளையிடும் பிட்டிலேயே ஜவ்வாக ஒட்டிக்கொண்டது.

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் யோகேஸ்வரி பார்த்துக்கொண்டுதானிருந்தாள். கை துறுதுறுத்தது. ஆனால் போகவில்லை. கேட்கட்டுமே! பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது, நீ செய்வது எப்படி என்று வாயைத் திறந்து கேட்டால் கிரீடமா இறங்கிவிடும்? அவன் கடைசித் துண்டைக் கையில் எடுத்தான். அதுவும் போனால் வெள்ளிக்கிழமை மாமியார் முன்னால் மானம் போகும். பாவம் என்று மனசு இளகி அவள் பின்வாசல் படியில் கால் வைக்கவும், அவன் திரும்பிப் பார்க்கவும் சரியாக இருந்தது.

"யோகா... நீ வேலையில போடறியே, அது எப்படி ஒடையாம வருது?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புது பிட்டை எடுத்து, கத்தி தீட்டும் கல்லில் அதன் வெட்டு விளிம்பை லேசாகத் தேய்த்து மழுக்கினாள்.

"ஐயோ, புதுசு லா அது!"

"கூரா இருந்தா பிளாஸ்டிக்க கடிச்சி இழுக்குங்க. கடிக்கக் கூடாது, சுரண்டணும்."

தட்டின் மேல் டேப் ஒட்டினாள். அடியில் பலகை வைத்து இறுகப் பூட்டினாள். முதலில் சின்னத் துளை, பிறகு பெரியது. மெதுவாகச் சுற்ற விட்டு, அடிக்கடி தூக்கித் தூளை ஊதினாள். "முடியற எடத்துல தான் ஒடையும். அங்க நம்ம கை கனம்கூட விழக் கூடாது." பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்? நாலாவது துளைக்குத் திருச்செல்வம் கண்ணையே மூடிக்கொண்டான். அடிப்பலகையின் மரத்தூள் வெளியே வந்ததும் அவள் மெஷினை நிறுத்தி டேப்பை உரித்தாள். நான்கும் சுத்தமாக இருந்தன. அவன் ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தான்.

"இந்த மாதிரி முந்நூறா?"

"ஓவர்டைம் இருந்தா நானூறு."

அவன் தட்டை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நான்கு திருகையும் முடுக்கி ரூட்டரில் பூட்டினான்.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. வளைவு வைத்த சாமி மேடையைப் பார்த்துப் பேச்சியம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "அடேயப்பா! மாப்பிள்ளைக்கு என்னா கைவேலை!"

"இல்ல அத்தை," என்றான் திருச்செல்வம், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும். "நான் துளை போட்டு ரெண்டு தட்ட வீணாக்கினேன். உங்க பொண்ணு போட்ட தட்டுலதான் இந்த வளைவு வந்துச்சி. எனக்கு நாலு வரல, அவ ஒரு நாளைக்கு முந்நூறு போடறா. அதப் போய் நான் ஊரெல்லாம் கிண்டல் பண்ணிட்டுத் திரிஞ்சேன். தப்பு."

உள்ளே போய் ரூட்டரைத் தூக்கி வந்து மாமியார் கையில் கவிழ்த்துக் காட்டினான். பேச்சியம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து நான்கு துளைகளையும் உற்றுப் பார்த்தாள்.

"இதுதான் உன் வேலையாடி?"

"ஆமாம்மா."

"இத்தன வருஷமா சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியேம்மா," என்றாள் யோகேஸ்வரி. நல்ல நாளும் அதுவுமாக அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை. அழுதேவிட்டாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை. மெஷினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரியிடம், "இங்க பாரு, என் மக போட்டது!" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.