பால் ஊசி

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தொண்டைவலியில்தான் தொடங்கியது. தொண்டை சரியாகி, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அது முழங்காலுக்கு வந்து சேர்ந்தது. அங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு மணிக்கட்டுக்கு ஏறியது. விட்டுப்போன இடம் ஒன்றுமே நடக்காததுபோல வற்றிவிடும். புதிதாகப் பிடித்த இடம் வீங்கிச் சிவந்து, போர்வை உரசினால்கூட நான் அலறுவேன்.

ஊரில் எல்லோரும் வாயு என்றார்கள். அப்பா வேப்பெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார். எண்ணெய் ஊற்ற ஊற்ற வலி இடம் மாறிக்கொண்டே இருந்ததால், மருந்து வேலை செய்கிறது என்றுதான் அவர் நம்பினார். ஒருநாள் நான் படுத்தபடி மூச்சுவிடத் திணறியதைப் பார்த்து, அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் அங்கே கிடந்தேன். இது மூட்டுகளில் ஆரம்பித்து இருதயத்துக்குப் போகிற காய்ச்சல் என்று அங்கிருந்த பெரிய டாக்டர் அம்மாவிடம் சொன்னார். மறுபடி வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி போட வேண்டும். பிள்ளை ஆளாகி வளரும்வரை போட வேண்டும். வலி இல்லையே என்று ஒரு தடவைகூட விட்டுவிடக் கூடாது. இதையெல்லாம் அம்மா எனக்குச் சொல்லவில்லை. ‘காலுக்கு ஊசி’ என்று மட்டும் சொன்னாள். ஊருக்கு அதையும் சொல்லவில்லை. பெண்பிள்ளைக்கு இருதயத்தில் கோளாறு என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், அந்தப் பேச்சுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. எனக்குப் பல்லில் பூச்சி, அதைப் பார்க்கக் கோவில்பட்டிக்குப் போகிறோம் என்றே எல்லோரும் நம்பினார்கள். பள்ளிக்கூடத்தில் காரணம் கேட்காமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போவோம்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் டாக்டரிடம் வேலை பார்த்த கம்பவுண்டர்தான் எனக்கு ஊசி போடுவார். மருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியாக இருக்கும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டிப் பாலாகிவிடும். நான் அதற்குப் பால் ஊசி என்று பெயர் வைத்திருந்தேன். பெயரில்தான் பால். இடுப்பில் ஏறும்போது யாரோ காய்ச்சிய ஈயத்தை ஊற்றுகிற மாதிரி இருக்கும். இரண்டு நாளைக்கு நொண்டுவேன். காலுக்கு ஊசி என்று சொல்லிவிட்டு நன்றாக இருந்த காலை நொண்டியாக்குகிறார்களே என்பது எனக்குத் தீராத வியப்பு.

அந்தப் பங்குனியில் ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊர் ஒன்றில், தொண்டைப்புண்ணுக்கு என்று போன ஒரு ஆள் பெனிசிலின் போட்ட சற்று நேரத்தில், பெஞ்சை விட்டு எழுந்திருக்கும் முன்பே செத்துப் போனார். சனங்கள் திரண்டு அந்த டிஸ்பென்சரியின் கண்ணாடிகளை நொறுக்கிவிட்டார்கள். அப்பா பருத்தி எடை போடப் போன இடத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்தார்.

வீட்டின் முன்னறையில் பருத்தி கூரை மட்டத்துக்குக் குவிந்து கிடந்த நேரம் அது. நான் அந்தக் குவியலின் மேல் ஏறி ஒரு குழி பறித்துப் படுத்திருந்தேன். கீழே அவர்கள் பேசியதெல்லாம் கேட்டது.

“இந்தத் தடவை விட்டுருவோம். பிள்ள நல்லாத்தான இருக்கா?” என்றார் அப்பா.

“நல்லா இருக்கதுக்குத்தான் ஊசி.”

“செத்தவனும் நல்லாத்தான் இருந்தான். நடந்து போனவன தூக்கிட்டு வந்திருக்காவ. நம்ம காசைக் குடுத்து, நாமளே கொண்டுபோயி...”

அம்மா வாங்கி வைத்திருந்த மருந்துக் குப்பியை அடுக்குப் பானைக்குள் திரும்ப வைத்து மூடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அப்பாவின் மேல் அவ்வளவு பாசம் அன்றுவரை வந்ததில்லை. பருத்திக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஊசிக்குரிய ஞாயிறு கழிந்தது. அடுத்த ஞாயிறும் வந்தது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அம்மா புறங்கையால் என் முழங்கால்களைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று தொட்டவள் கையை எடுக்கவில்லை. மறு முழங்காலைத் தொட்டாள், மறுபடி முதலாவதைத் தொட்டாள். பிறகு என்னைப் படியிறங்கச் சொன்னாள். நான் வலது காலை முன்னால் வைத்து, இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கே அது தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா காட்டுக்குப் போயிருந்தார். அம்மா அடுக்குப் பானையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தாள். அதைப் பருத்தியில் பொதிந்து மஞ்சள் பைக்குள் வைத்து, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நாலாம் வகுப்புப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெடித்துக் கிடந்த கரிசல் வழியே ரோட்டுக்கு நடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

கம்பவுண்டர் எங்களைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

“அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. அந்த ஊசியே போடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாவ.”

“போன தடவை நீங்கதான போட்டீய அண்ணாச்சி?”

“போட்டேன். அது அந்த ஆளு சாகுறதுக்கு முன்னால.”

அம்மா அங்கே நேரம் கடத்தவில்லை. அடுத்து ஸ்டேஷன் பக்கம் ஒரு டாக்டர். அவர் குப்பியை வாங்கிக்கூடப் பார்க்காமல், பாளையங்கோட்டைக்கே கொண்டுபோங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை அங்கே வெளிநோயாளிகளைப் பார்க்க மாட்டார்கள் என்றாள் அம்மா. அப்படியானால் நாளைக்குப் போங்கள் என்றார் அவர். நாளைக்கு என்றால் அப்பா விட மாட்டார் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்றாவது டாக்டர் வீட்டில் கதவைத் திறக்காமல் சன்னல் வழியாகவே, அவிய ஊர்ல இல்ல என்றார்கள். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

ஒவ்வொரு வாசலிலும் இல்லை என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் திருவிழா. கோவில்பட்டி டாக்டர்கள் இவ்வளவு நல்லவர்களா என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னை இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கடைசியாக ஒரு தெருமுனையில் பிரசவ ஆஸ்பத்திரி என்று பலகை தொங்கிய வீட்டுக்குள் நுழைந்தாள். உள்ளே எங்கோ பச்சைப்பிள்ளை ஒன்று வீரிட்டுக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சாப்பாட்டுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

“இது பிரசவம் பாக்கிற இடம்மா.”

“பிள்ளைகளத்தான பாக்கீங்க? இதுவும் பிள்ளதான்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனி எழுந்திருக்க மாட்டாள் என்பது டாக்டரம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு வந்தார்.

பாளையங்கோட்டையில் சொன்னதையெல்லாம் அம்மா ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். டாக்டரம்மா என் முழங்காலை அழுத்தினார். பிறகு குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். முன்னால் கேட்டார், முதுகில் கேட்டார், இடது பக்கம் சரிந்து படுக்கச் சொல்லிக் கேட்டார். அவ்வளவு நேரம் கேட்பதற்கு என் நெஞ்சில் என்னதான் இருக்கிறதோ என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

“ஓடினா மூச்சு வாங்குதா?”

“ஓடவே விட மாட்டாவ” என்று அம்மாவின் மேல் புகார் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “ஊசி போட்டே ஆகணும். ஆனா சில பேருக்கு இது ஒத்துக்காது. இத்தனை தடவை ஒத்துக்கிட்டவங்களுக்கும் ஒரு தடவை ஒத்துக்காமப் போகலாம். போச்சுன்னா நிமிஷத்துல போயிரும். மாத்து மருந்து வச்சிருக்கேன். ஆனா காப்பாத்திருவேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

“போடாட்டி?”

“போடாட்டி, மெதுவா.”

எனக்கு அந்தக் கடைசிச் சொல் ரொம்பப் பிடித்திருந்தது. கம்பவுண்டர் எப்போதும் வேகமாகத்தான் குத்துவார். இந்த அம்மாவாவது மெதுவாகப் போடச் சம்மதித்தார்களே என்று நிம்மதியாக இருந்தது.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கிற காலண்டர் அங்கே மாட்டியிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “போடுங்க” என்றாள். “நான்தான் போடச் சொன்னேன். என்ன ஆனாலும் உங்க வாசல்ல ஒருத்தர் வந்து நிக்க மாட்டாவ. நான் நிக்க விட மாட்டேன்.”

முதலில் முன்கையில் ஒரு சொட்டு ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டார்கள். அந்த இடம் தடித்துச் சிவந்தால் ஊசி கிடையாது. அந்த விதி எனக்குத் தெரியும். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, தடிக்கட்டும் தடிக்கட்டும் என்று வேண்டினேன். நான் சொறிந்துவிடாமல் இருக்க அம்மா என் மறு கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளும் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமிகள் அன்று ஒரே வட்டத்துக்கு இரண்டு மனுக்களை வாங்கியிருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் வட்டத்துக்குள் லேசாகச் சிவந்தது. நான் துள்ளினேன். அம்மாவின் பிடி தளர்ந்தது. டாக்டரம்மா என்னைச் சன்னலுக்கு இழுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் தடவினார். “இன்னும் கொஞ்சம் பாப்போம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். உள்ளே அழுத பச்சைப்பிள்ளை ஓய்ந்துவிட்டது. மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு பரவவில்லை. மெல்ல வெளுத்தது. கடைசியில் பேனா வட்டம் மட்டும் மிஞ்சியது.

டாக்டரம்மா தட்டில் இரண்டு ஊசிகளை எடுத்து வைத்தார். ஒன்று என் பால் ஊசி. இன்னொன்று சின்னது, தண்ணீர்போல் தெளிந்த மருந்து.

“அது யாருக்கு?” என்றேன்.

“அது வேண்டியிருக்கக் கூடாதுன்னு கும்பிட்டுக்கோ.”

ஒரே நாளில் இரண்டு ஊசியா என்று பதறி, அன்று முதல்முறையாக உண்மையான பக்தியோடு கும்பிட்டேன்.

மெதுவாகத்தான் போட்டார். மெதுவாகப் போட்டால் வலி இன்னும் நீளும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கத்தி முடித்ததும் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அழுத களைப்பில் எனக்குக் கண் சொருகியது. சொருகிய உடனே அம்மா உலுக்கினாள். “ஏட்டி, கண்ண மூடாத. என்னையப் பாரு.” பார்த்தேன். மறுபடி சொருகியது. மறுபடி உலுக்கினாள். ஒரு கையில் டாக்டரம்மா நாடி பிடித்திருந்தார். தூங்கவிடாமல் பண்ணுகிற இந்தப் புது வைத்தியத்தை நான் வெறுத்தேன்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா என் கையை விட்டார். “இனி தூங்கட்டும்” என்றார். சின்ன ஊசியிலிருந்த மருந்தைக் கழுவுதொட்டியில் பீய்ச்சிவிட்டார். அம்மா எழுந்து வெளியே போய்ச் சுவரோரம் குனிந்து, வெறும் வயிற்றோடு ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. நான் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனேன். அன்றிலிருந்து, எனக்கு இருபது வயது கடக்கும்வரை, அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில்தான் எனக்கு ஊசி. நெஞ்சில் ஒரு சின்ன முணுமுணுப்பு மட்டும் இன்றுவரை தங்கிவிட்டது. அதற்குமேல் அது வளரவில்லை.

சாயந்திரம் பஸ்ஸில் திரும்பினோம். ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கியபோது அங்கே எங்கள் மாட்டுவண்டி நின்றது. அப்பா வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரிலிருந்து என் தாய்மாமாவும் வந்து நின்றிருந்தார். பொங்கலும் இல்லை, கோயில் கொடையும் இல்லை, மாமா எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே குஷி. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பிரசவ ஆஸ்பத்திரி வழியாகப் போனபோது, திறந்து கிடந்த கதவுக்குள் நான் பெஞ்சில் அசையாமல் கிடந்ததையும், அம்மா வெளியே சுவரோரம் குனிந்து நின்றதையும் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கேட்கத் துணியாமல், முந்திய பஸ்ஸில் வந்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்த கதை.

நான் நொண்டிக்கொண்டே மாமாவிடம் ஓடினேன். அவர் என்னைத் தூக்கவில்லை. என் தலையில் கையை வைத்து, வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் அப்பாவின் சலவை வேட்டியை நீளவாக்கில் விரித்திருந்தார்கள். கால் வலிக்குமே என்று எனக்காக இவ்வளவு சவரணையாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாரே என்று பூரித்துப்போனேன். ஆனால் அம்மா என்னை ஏற்றவில்லை. முதலில் அந்த வேட்டியை உருவினாள். மடிக்கக்கூட இல்லை, பந்தாகச் சுருட்டி அப்பாவின் முன்னால் போட்டாள். அப்பா அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

என் காலெல்லாம் கரிசல் புழுதி. வெள்ளை வேட்டி பாழாகிவிடும் என்றுதான் அம்மாவுக்கு அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை, வைக்கோலில்கூடப் படாமல் இரண்டு கால்களையும் வண்டிக்கு வெளியே தொங்கப்போட்டுக்கொண்டே வந்தேன்.