நாலும் முப்பத்திமூணு

எங்கள் வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய தூக்குச்சட்டி என்றால் அதில் இரண்டு வாழைப்பழமோ ஒரு கை சீனியோ போட்டுத்தான் அம்மா அனுப்புவாள். ஒன்றுமே அகப்படாவிட்டால் கொல்லையிலிருந்து ஒரு கொத்து முருங்கைக் கீரையாவது உள்ளே இருக்கும். இந்த நல்ல பழக்கத்தை நான் ஒரு காருக்கும் கடைப்பிடிக்கப் போய்த்தான் என் அத்தான் கார் ஓட்டுவதை விட்டார். இதை எழுதும்போதே எனக்கு என் மேல் எரிச்சலாக வருகிறது.

அக்காவும் அத்தானும் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறார்கள். அத்தான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களுக்கு முன்னால், வல்லநாடு தாண்டி நாற்கரச் சாலையில், அவர் ஓட்டிப் போன பழைய காரின் முன் டயர் வெடித்து வண்டி ஓரத் தடுப்பில் ஏறிக் கவிழ்ந்தது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. பக்கத்தில் இருந்த அக்காவுக்கு இடது கையில் தகடு வைத்தார்கள். டயரில் கொஞ்ச நாளாகவே காற்று இறங்கிக்கொண்டிருந்திருக்கும், அது தெரியாமல் வெயிலில் ஓட்டியதால்தான் வெடித்தது என்று வண்டியைப் பார்த்த மெக்கானிக் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அத்தான்தான் அதை அப்படியே வாங்கி மனதுக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க, நான் இருக்கிற பாளையங்கோட்டைக்கு வர வேண்டிய அக்கா, நல்ல கையால் கெட்ட கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து போனாள்.

வெளிநாட்டில் இருக்கிற மகன் ஒருமுறை வந்தபோது, யாரோ வைத்திருந்த நல்ல கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். அதில் ஒரு வசதி உண்டு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் நான்கு டயர்களிலும் எவ்வளவு காற்று இருக்கிறது என்று எண்கள் தெரியும். முப்பத்திமூன்று இருந்தால் சரி, எதிலாவது குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். அத்தான் அந்தத் திரையைப் பார்ப்பதற்காகவே தினமும் காரில் ஏறி உட்கார ஆரம்பித்தார். பிறகு பைய தெரு முக்கு வரைக்கும் உருட்டினார். கொஞ்சம் நகர்ந்தால்தான் எண்கள் வரும். முக்கில் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்துவார்.

"எவ்வளவு?" என்று அக்கா நடையில் நின்று கேட்பாள்.

"நாலும் முப்பத்திமூணு."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் காரில் ஏறுவாள். இப்படியே முக்கு வரைக்கும் என்பது அணைக்கட்டு வரைக்கும் ஆகி, அப்புறம் பாளையங்கோட்டை வரைக்கும் ஆகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி பேச்சில் இதைவிட அழகானதை நான் கேட்டதில்லை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. "என்ன அத்தான், முப்பத்திநாலு இருந்தா அக்காவ ஏத்த மாட்டீங்களோ?" என்று கேலிதான் செய்வேன்.

என் மகளுக்கு வளைகாப்பு வந்தது. அவளை நாகர்கோவிலிலிருந்து அலுங்காமல் கூட்டி வர என்னுடைய சின்னக் கார் சரிப்படாது. அத்தானிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, சாவியைக் கையில் கொடுத்தார். "திங்கக்கிழம காலையில கொண்டு வந்துரு மாப்ள. உவரிக்குப் போணும்" என்றார். கை சரியானால் உவரிக் கோவிலுக்கு வந்து கடல் மண்ணைப் பெட்டியில் சுமந்து போடுகிறேன் என்று அக்கா வேண்டியிருந்தாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வல்லநாட்டுக்குப் பிறகு அத்தான் அவ்வளவு தூரம் ஓட்டப் போவது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வளைகாப்பு நன்றாக முடிந்தது. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் டயர்களைப் பார்த்தேன். பக்கவாட்டில் வரி வரியாக வெடிப்பு விட்டிருந்தது. காற்று சரியாக இருந்ததால் அத்தான் வேறெதையும் கவனிக்கவில்லை போலும். பணமாகக் கொடுத்தால் வாங்கவே மாட்டார். சரி, பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க வேண்டாம், நான்கு புது டயராகப் போட்டே கொடுப்போம் என்று முடிவு செய்தேன். அந்த எண்ணம் வந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை டயர் கடையில் விட்டேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டார்.

"சக்கரத்துக்குள்ள சென்சார் இருக்கா அண்ணாச்சி?"

"அதெல்லாம் முன்னால ஸ்கிரீன்ல இருக்குவே. சக்கரத்துக்குள்ள என்ன இருக்கப் போவுது?" என்றேன்.

திரையில் எண் தெரிந்தால் கருவியும் அங்கேயே இருக்கும் என்பது என்னுடைய விஞ்ஞானம். உண்மையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், காற்று அடிக்கிற வால்வின் அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டயரைக் கழற்றும்போது மெஷினின் அழுத்துகிற பாகம் அந்த இடத்தில் படாமல் தள்ளி வைத்துக் கழற்ற வேண்டும். கடைக்காரர் என் பேச்சை நம்பி எல்லாச் சக்கரத்தையும் ஒரே மாதிரி அழுத்தினார். ஒரு கருவி உடைந்தது. கழற்றிய டயரோடு அந்தத் துண்டும் போயிருக்க வேண்டும்.

வண்டியை எடுத்ததும் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "புது டயர்லா, கொஞ்சம் ஓடுனா சரியாயிரும்" என்றார் கடைக்காரர். நானும் அதையே நம்பினேன். என்னுடைய காரில் எந்நேரமும் ஏதாவது ஒரு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், நான் எதையும் சட்டை செய்கிறவனில்லை. வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, புது டயருக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தேன்.

மறுநாள் காலை ஸ்ரீவைகுண்டத்தில் போய் நிறுத்தியபோது அக்கா பட்டுச்சேலை கட்டித் தயாராக நின்றாள். மண் சுமக்கிற ஓலைப்பெட்டி நடையில் இருந்தது. அத்தான் டயர்களைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். குனிந்து ஒவ்வொன்றாகத் தடவினார்.

"எதுக்கு மாப்ள இதெல்லாம்" என்றார். கண் கலங்கியிருந்தது. "இரி, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருதேன்."

வழக்கம்போல் முக்கு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார். நானும் அக்காவும் வாசலில் நின்றோம். கார் முக்கில் நின்றது. திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அத்தான் இறங்கி, காரை அங்கேயே விட்டுவிட்டு, சாவியைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார்.

"எவ்வளவு?" என்று அக்கா கேட்டாள்.

"மூணுதான் காட்டுது. ஒன் பக்கம் முன்னால எண்ணு வரல, வெறும் கோடுதான் போட்டிருக்கு."

அக்கா உட்காருகிற பக்கத்து முன் டயர். வல்லநாட்டில் வெடித்ததும் அதே பக்கம்தான்.

காற்று சரியாகத்தான் இருக்கிறது, நேற்றுத்தான் அடித்தது, கருவியில்தான் ஏதோ கோளாறு என்று மூச்சு விடாமல் சொன்னேன். கையால் அளக்கிற கருவியை வாங்கி வந்து அளந்தே காட்டினேன். "பரவால்ல மாப்ள, நீ நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். அக்கா பட்டுச்சேலையை மாற்றப் போனாள்.

புது சென்சார் வெளியூரிலிருந்து வர நாளாயிற்று. வந்ததும் கம்பெனியில் கொடுத்துப் பொருத்தி, காரோடு சேர்த்துப் பதிய வைத்தேன். விளக்கு அணைந்தது. நான்கு எண்களும் வந்தன. காரைக் கொண்டுபோய் நிறுத்தி, பாருங்கள் அத்தான் என்றேன். பார்த்தார். தலையாட்டினார். உட்காரவில்லை. அக்கா திரும்பவும் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள்.

மார்கழியில் நானே ஓட்டி அவர்களை உவரிக்குக் கூட்டிப் போனேன். அத்தான் பின்சீட்டில் உட்கார்ந்தார். முக்கைத் தாண்டும்போது பழக்கத்தில் அக்கா, "எவ்வளவு?" என்றாள். "நாலும் முப்பத்திமூணு" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

கடற்கரையில் ஓலைப்பெட்டியில் ஈர மண்ணை அள்ளி அக்காவின் தலையில் ஏற்றிவிட்டேன். இடது கை முழுதாக மேலே போகவில்லை, பாதியில் நின்றுவிட்டது.

"கைதான் இன்னும் சரியாவலையே அக்கா. சரியான பெறவு சுமந்தா என்ன?" என்றேன்.

"ஏலே, நான் கைக்கா வேண்டுனேன்?" என்றாள். "ஒங்க அத்தான் மறுபடி வண்டிய எடுக்கணும்னுல்லா வேண்டுனேன். எடுத்தாங்கல்லா. சாமி குடுத்ததுக்குச் செய்யாம இருக்க முடியுமா?"

சொல்லிவிட்டு மண்ணைச் சுமந்துகொண்டு நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரிலும் கையை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.