இன்னொரு வளையல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது நடந்தது. பட்டப்பகலில், கோட்டைமேட்டில், ஆள் நடமாட்டம் ஓயாத ஒரு சந்தில். நஸ்ரியாவைக் கேட்டால் அவளே சொல்வாள். ஆனால் கேட்காதீர்கள்.

அவள் புருஷன் அஃப்தாப்புக்குப் பழைய புத்தக வியாபாரம். மூட்டையாக வாங்கி வந்து வீட்டு முன்னறையில் போடுவான். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுவான். காய்ந்த பூ, பஸ் டிக்கெட், யாருடையதோ ஒரு பழைய போட்டோ என்று ஏதாவது விழும். விழுந்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். “ஆராச்சும் தேடி வருவாங்க. நாம எடுத்துப் பொழங்கக் கூடாது” என்பான். இதுவரை யாரும் வந்ததில்லை.

அன்று அவன் கடைக்குப் போயிருந்தான். மூன்று மாதக் குழந்தை அஃபான் காலையிலிருந்தே வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். நஸ்ரியா தோளில் போட்டு உலாத்தினாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினாள். எதற்கும் மசியவில்லை. யார் கண்ணோ பட்டுவிட்டது என்று நினைத்தாள். கையில் கட்டியிருந்த வசம்பு வளையலும் போன வாரம்தான் அறுந்து தொலைந்திருந்தது. பச்சைக் குழந்தைக்கு வசம்பு கட்டாமல் விடுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது அவள் கால் பட்டு, இன்னும் உதறாத மூட்டையிலிருந்து ஒரு தடித்த புத்தகம் சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு வளையல் உருண்டு வந்தது. கறுப்புக் கயிற்றில் கோத்த வசம்புத் துண்டுகள், நடுநடுவே கருமணி. ஒற்றை வளையல். கயிறு நைந்து பழசாகியிருந்தது. வசம்பின் நெடி மட்டும் நேற்று வாங்கியது போல இருந்தது.

புருஷன் சொன்னது நினைவுக்கு வந்தது. குழந்தை அழுகிற அழுகையில் அது நிற்குமா? வலது கையில் கட்டிவிட்டாள்.

அழுகை நின்றது. டக்கென்று.

அப்பாடா என்று தொட்டிலில் போட்டாள். மணி இரண்டே கால். குழந்தை தூங்கவில்லை. கண்ணைக்கூட இமைக்காமல் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது... கிறீச்... கிறீச்...

அவள் ஆட்டவில்லை.

வாரி எடுத்தாள். உடம்பு சில்லென்றிருந்தது. பால் கொடுத்தாள். வாய் திறக்கவில்லை. மழையே பெய்யாத அந்த மதியத்தில் அறையெல்லாம் ஈரமண் வாசனை.

போனை எடுத்தாள். “ஏங்க, சீக்கிரம் வாங்க. புள்ள அழுவ மாட்டேங்குது.”

அஃப்தாப் ஓடி வந்தான். குழந்தையின் துணியை விலக்கினான்.

“எதுக்கு ரெண்டு கையிலயும் கட்டுனே?”

“ஒண்ணுதானுங்க கட்டுனேன்...”

இடது கையிலும் வளையல் இருந்தது. அதே கயிறு. அதே மணி. ஈரமாக... செம்மண் அப்பி...

கத்தரிக்கோல் எடுத்து இரண்டையும் வெட்டினான். அஃபான் வீலென்று கத்தினான். அந்த அழுகையைக் கேட்டு இரண்டு பேரும் அழுதார்கள்.

வளையல்களை டின்னில் போட்டுவிட்டு, மூட்டையை விற்ற துடியலூர் பாலுசாமிக்குப் போன் செய்து வளையலைப் பற்றிக் கேட்டான்.

“அய்யோ, உங்ககிட்டவா வந்துருச்சுங்க பாய்? ஊடு மாத்தறப்ப தெரியாம போட்டுபோட்டோம். எங்க ஊட்டுக்காரி தேடாத எடமில்லீங்க. எங்க புள்ளையோடதுங்க அது. மூணு மாசந்தான் இருந்துது.”

“ஜோடிங்களா?”

“ஆமாங்க. ஒண்ண அவ ஞாபகத்துக்கு எடுத்து வெச்சுக்கிட்டா. இன்னொண்ணு புள்ள கையோடயே இருக்கட்டும்னு... அப்படியே பொதச்சுபோட்டோமுங்க.”

அஃப்தாப் போனைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் செம்மண் இன்னும் காயாமல் இருந்தது.