அபு தியாபுக்கு ஒரு நாற்காலி

அம்மானில் எங்கள் ஓட்டலின் முன்கூடத்தில் பத்தொன்பது வருடமாக நிற்கும் ஆள் அபு தியாப். அப்படியென்றால் தியாபின் அப்பா; சொந்தப் பெயர் முத்லக். அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வந்து, கறுப்பு மேலங்கியைப் போட்டு, எதையும் வெட்டாத கத்தி ஒன்றை இடுப்பில் செருகி, இடக்கையில் மூக்கு நீண்ட காப்பிக் கூஜாவும் வலக்கையில் சின்னக் கிண்ணங்களுமாக நின்றுவிடுவார். உலகத்தில் பாதிப் பேர் அவரோடு நின்று படம் எடுத்தாயிற்று என்று நான் கேலி செய்வேன்.

"மீதிப் பாதி வர்ற வரைக்கும் முட்டி தாங்கணுமே, தங்கச்சி" என்பார்.

விஷயமே அந்த முட்டிதான். இன்னும் ஒரு வருடம் இப்படி நின்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலையை விட்டால் ஜபல் தாஜ் வீட்டில், மூன்றாவது மாடியில், நாள் முழுக்க மனைவி உம் தியாபின் கண் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். முட்டி வலியே தேவலை என்பது அபு தியாபின் எண்ணம். தவிர, அவருக்கு இந்த வேலை உயிர்.

அவர் கேட்டதெல்லாம் ஒரு நாற்காலி. ஊற்றும்போது நிற்க வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. உட்கார்ந்தபடி காப்பி ஊற்றுகிறவனை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். ஒரு விருந்தாளி போய் அடுத்தவர் வரும்வரை உட்கார மட்டும் ஒன்று வேண்டும். நான்கு மேலாளர்களிடம் கேட்டாயிற்று. ஒருவர் படம் கெட்டுவிடும் என்றார். ஒருவர் அங்கி கசங்கும் என்றார். மூன்றாமவர் குழு அமைத்தார். குழு வசதியாக உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைந்தது. இப்போதிருக்கும் மேலாளர், நாங்கள் மரியாதையாக 'உஸ்தாத்' என்று கூப்பிடும் நஷ்அத், தத்துவமாகவே சொல்லிவிட்டார்.

"பாரம்பரியம் உட்காராது, அபு தியாப்."

நான் ஹியாம். வரவேற்பு மேசையில் இருக்கிறேன். 'இருக்கிறேன்' என்பதெல்லாம் பேச்சுக்கு. நானும் பதினோரு வருடமாக நிற்கிறவள்தான், அதிலும் குதி உயர்ந்த செருப்பில். எனக்குச் சாய்ந்துகொள்ள ஒரு பளிங்கு மேடையாவது இருக்கிறது. அவருக்குக் கூஜாவை விட்டால் வேறு பிடிமானம் இல்லை.

உஸ்தாத் நஷ்அத்துக்குப் புதுமை என்றால் சாப்பாடு வேண்டாம். அவர் வந்த பிறகு அறைச் சாவி போய் அட்டை வந்தது, அட்டை போய்க் கைப்பேசி வந்தது. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தவர்கள் அறைக்குள் போக முடியாமல் என்னிடம் வந்து திட்டிவிட்டுப் போகிறார்கள். கடைசியாகக் காப்பி ஊற்றும் இயந்திரம் வந்து இறங்கியது. இடுப்புயரம், நான்கு சக்கரம், இரண்டு நீலக் கண், ஒரே ஒரு கை. அதற்கு நஷ்மி என்று பெயர் வைத்தார். தைரியமான பிள்ளையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சமையலறையிலிருந்தும் சலவைப் பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவராக வந்து அபு தியாபிடம் துக்கம் விசாரித்தார்கள். அவரோ மாப்பிள்ளை பார்த்த மாமனார் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"வரட்டும் தங்கச்சி. அவன் ஊத்தட்டும், நான் உக்கார்றேன். அவனுக்கு முட்டியே கிடையாது, பாத்தியா?"

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. கிண்ணத்தை ஆட்டினால் 'போதும், இனி ஊற்றாதே' என்று அர்த்தம் என்பது நஷ்மிக்குப் புரியவே இல்லை. இர்பிதிலிருந்து வந்த ஒரு வக்கீல் ஆட்டி ஆட்டிப் பார்த்து, ஒன்பதாவது கிண்ணத்தில் எழுந்து ஓடினார். உடனே புது உத்தரவு வந்தது: யாராவது கிண்ணத்தை ஆட்டினால் அபு தியாப் நஷ்மியின் முதுகிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முன்பு சும்மா நின்றவர், இப்போது அதன் பின்னாலேயே நடந்து, குனிந்து, நிமிர்ந்தார்.

அதற்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது: ஏதாவது கேட்க வந்த விருந்தாளி, வீட்டுக்காரர் சரி என்று சொல்லும்வரை காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்திருப்பது எங்கள் வழக்கம். போன வசந்தத்தில் எங்கள் கூடத்தில் ஒரு பெண் கேட்கும் கூட்டம். நாற்பது ஆண்கள், நாற்பது கிண்ணம், ஒருத்தரும் தொடவில்லை. கேட்க வந்ததற்குச் சம்மதம் கிடைக்காமல் யார் தொடுவார்கள்? பெண்ணின் சித்தப்பா வேண்டுமென்றே இழுத்தடித்து, 'குடிங்க, கேட்டது கிடைச்சது' என்று சொல்வதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஒரு ஜெர்மன்காரி என்னிடம் வந்து, உங்கள் காப்பி அவ்வளவு மோசமா என்று கேட்டுவிட்டாள். நஷ்மியைச் செய்தவர்களும் அந்த ரகம். குடிக்காமல் கீழே வைத்த காப்பி ஆறிப்போன காப்பி, எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்று என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நாட்டிலுள்ள ஓட்டல்காரர்கள் எல்லோரும் கூடும் 'நாளைய ஓட்டல்' மாநாடு இந்த முறை எங்கள் இடத்தில் நடந்தது. அகபாவிலிருந்து, சாக்கடல் கரையிலிருந்து, பெத்ராவிலிருந்து இருநூறு பேர் வந்திருந்தார்கள்; கூடத்து வாசலில் மேசை போட்டுப் பெயர்ப் பட்டியலோடு நின்றது நான். விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரிவதற்கு முன் நமக்குத் தெரிந்துவிடும் என்று நஷ்அத் ஒரு மணி நேரம் பேசினார். பிறகு நஷ்மியையும் அபு தியாபையும் மேடைக்கு அழைத்தார்.

"இன்னிக்கு நீங்க ஊழியர் இல்ல, அபு தியாப். என்னோட விருந்தாளி!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். "போன காலம், வருங்காலத்தோட கையால காப்பி வாங்கப்போகுது!"

எங்கள் ஊரில் விருந்தாளி என்ற சொல்லை யோசித்துத்தான் வாயில் எடுக்க வேண்டும்.

நஷ்மி ஊற்றியது. அபு தியாப் வாங்கிக்கொண்டார். கேமராக்கள் மின்னின. அவர் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஒரு கையால் முட்டியைப் பிடித்துக் குனிந்து, பக்கத்திலிருந்த குட்டை மேசைமேல் வைத்தார்.

இருநூறு பேருக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. நஷ்மி மட்டும் தன் இலக்கண சுத்தமான குரலில், "காப்பி ஆறிவிட்டது போலும். பொறுத்தருள்க" என்று சொல்லி, இன்னொன்று ஊற்றி நீட்டியது. அதையும் வாங்கி வைத்தார். மூன்றாவதையும் வைத்தார்.

நஷ்அத் கிசுகிசுத்தார். மைக் கையிலிருந்ததை மறந்துவிட்டார்.

"குடிச்சிடுங்க அபு தியாப், மானம் போகுது."

முன்வரிசையில் இருந்த ஓட்டல்காரர் சங்கத் தலைவர், எல்லோரும் பாஷா என்று கூப்பிடும் பழைய ராணுவ அதிகாரி, தடியைத் தரையில் தட்டினார்.

"நஷ்அத்! விருந்தாளின்னு சொன்னது நீதானே? மூணு காப்பி ஆறிப்போச்சு. சொல்ல வேண்டியதைச் சொல்லு."

"என்ன கேப்பாருன்னு தெரியாம எப்படி, பாஷா..."

"உன் பொண்ணையா கேக்கப் போறாரு? சொல்லுய்யா."

நஷ்அத் நஷ்மியைப் பார்த்த பார்வையைப் பார்த்திருக்க வேண்டும். அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி அபு தியாப் கேட்கப்போகிறார் என்றே நினைத்துவிட்டார். கூடத்தில் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"குடிங்க, அபு தியாப்" என்றார், செத்த குரலில். "கேட்டது கிடைச்சது."

"எனக்கு ஒரு நாற்காலி வேணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நஷ்அத்துக்கும் போன உயிர் திரும்பி வந்து சிரிப்புப் பொங்கியது. "அவ்வளவுதானா?" என்றார்.

அபு தியாப் சிரிக்கவில்லை. "அவ்வளவுதான் உஸ்தாத். பத்தொம்போது வருஷமா அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாற்காலி வந்தது. அவர் உட்கார்ந்தபோது விட்ட பெருமூச்சு ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயர்ப் பட்டியலைத் தேடுவதுபோல் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

நஷ்அத் லேசுப்பட்டவரா? மாநாடு முடிவதற்குள் அதற்கு 'அமர்ந்த உபசாரம்' என்று பெயர் சூட்டி, தன் புதுத் திட்டமாகவே அறிவித்துவிட்டார். ஒரே மாதத்தில் அகபாவிலும் சாக்கடலிலும் காப்பிக்காரர்களுக்கு நாற்காலி போட்டார்கள். நாட்டு ஓட்டல் தொழிலின் வருங்காலம் நான்கு காலோடு வந்து சேர்ந்தது. அந்த வருடத்துச் சிறந்த புதுமைக்கான கேடயமும் நஷ்அத்துக்கே கிடைத்தது.

அபு தியாபிடம் நான் சண்டைக்குப் போனேன்.

"ஒண்ணு கேட்டீங்களே, எனக்கும் சேத்து ரெண்டா கேட்டா வாய் வலிச்சிருக்குமா?"

காலை நீட்டிச் சாய்ந்தபடியே பதில் சொன்னார். "அவங்கவங்க கிண்ணத்தை அவங்கவங்கதான் வைக்கணும், தங்கச்சி. உன்னோடத நான் எப்படி வைக்கிறது?"

கேடயம் வந்த அன்று காலையில் நஷ்அத்துக்குத் தலைகால் புரியவில்லை. அபு தியாபின் கூஜாவை வாங்கிக்கொண்டு ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே ஊற்றிக்கொண்டு வந்தார்.

"இன்னிக்கு எல்லாரும் என் விருந்தாளிங்க! இந்தா ஹியாம்."

இரண்டு கையாலும் வாங்கினேன். ஏலக்காய் மணம் மூக்கில் ஏறியது. கிண்ணத்தை அப்படியே பளிங்கு மேடைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மேடைக்கு மேலாக எட்டி, மேலாளராக வந்த இந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக, என் காலைப் பார்த்தார்.

"குடிம்மா ஹியாம்" என்றார். "ஆறிடும்."

"ஆறட்டும் உஸ்தாத்" என்றேன்.