இரண்டு டைகர்ஸ், ஒரே புலி

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஃபுட்பால் பைனல். கோப்பையைக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்... ஆட்டம் முடிந்ததும் பிரியாணி என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுப் போனேன்.

மோதிய டீம்கள் இரண்டு. ஒன்று டவுன் டைகர்ஸ். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள், கேப்டன் காதர். இன்னொன்று ரெட்டியார்சத்திரம் டைகர்ஸ். கத்தரியும் தக்காளியும் போடுகிற விவசாயிகள், கேப்டன் சின்னச்சாமி.

பெயர் ஒன்றாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இருபத்திரண்டு பேரும் மஞ்சள் பனியனில் இறங்கினார்கள். ஒவ்வொரு நெஞ்சிலும் கறுப்புப் புலி. அதே மீசை, அதே வால். யார் யாருக்குப் பந்தைத் தள்ளுவது? ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடியே நின்றார்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. எல்லாம் பெயிண்டர் பாஷாவின் வேலை. மொஹரத்துக்குப் புலிவேஷம் போடுகிறவர்களுக்கு உடம்பில் வரி தீட்டுவது அவர்தான். திண்டுக்கல் பக்கம் புலி வேண்டுமென்றால் அவரிடம்தான் போவார்கள். இரண்டு டீமும் போயிருக்கிறது — ஒன்றுக்கொன்று தெரியாமல். மனிதர் ஒரே அட்டையை வெட்டி, இரண்டு பேருக்கும் அதையே வைத்து அடித்துக் கொடுத்துவிட்டார்.

"நல்லா வந்த புலிய எதுக்கு ஸார் மாத்தணும்?" என்றார் என்னிடம்.

சின்னச்சாமி காதரிடம் போனார். "ஏம் பாய், நீங்க சிங்கம்னு வச்சுக்கிட்டா என்ன?"

"ஆறு வருசமா நாங்க புலிண்ணே. நீங்க இப்ப வந்தவுக. சிங்கத்த நீங்க வச்சுக்கங்க."

"எங்கூர்ல சின்னப் பிள்ளைககூட டைகர்ஸ்னுதான் கத்துது. வேற பேரோட ஊருக்குள்ள போக ஏலாது பாய்."

அரை மணி நேரம் இதே பேச்சு. எனக்கோ வயிறு காந்துகிறது. எழுந்து நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். டாஸில் தோற்றவர்கள் பனியனைக் கழற்றிவிட்டு ஆடட்டும். ஆட்டத்தில் தோற்றவர்கள் அடுத்த வருஷப் போட்டி வரைக்கும் பெயரை விட்டுக் கொடுக்கட்டும். கூட்டம் கை தட்டியது. நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் உட்கார்ந்தேன்.

டாஸில் தோற்று, ரெட்டியார்சத்திரத்துக்காரர்கள் வெற்றுடம்போடு ஆடினார்கள். இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் போட்டும் விட்டார்கள்.

அதற்குப் பிறகு காதர் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் கிழிந்து ரத்தம் வருகிறது. வெளியே வரச் சொன்னால் கேட்கவில்லை. "ஒரு கோலுப்பா, ஒரே ஒரு கோலு" என்று ஒவ்வொருவர் முதுகிலும் தட்டிக்கொண்டே ஓடினார். இரண்டு முறை அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசி நிமிஷத்தில் கோல்கீப்பரையும் முன்னால் கூப்பிட்டுக்கொண்டார். கோல் விழுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

நின்ற இடத்திலேயே நின்றார் காதர். கண் கலங்கியிருந்தது. நான் விளையாட்டாகச் சொன்னதை அந்த மனிதர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சின்னச்சாமி கோப்பையைக்கூட வாங்காமல் அவரிடம் போனார். "பாய், ஸார் சொன்னத விடு. பேரு ரெண்டு பேருக்குமே இருக்கட்டும்."

"வேணாம்ணே. இம்புட்டுச் சனத்துக்கு முன்னால சரின்னு சொல்லியாச்சு. அடுத்த வருசம் ஜெயிச்சே எடுத்துக்கிறோம்."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். பிரியாணி வந்தது. எனக்கு இறங்கவில்லை.

ஆறுதல் சொல்லலாமென்று வியாழக்கிழமை காலையில் மைதானத்துப் பக்கம் போனேன். ஷெட்டுக்குப் போகிற நேரத்துக்கு முன்பே பதினொரு பேரும் வியர்க்க வியர்க்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பனியனும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தது. மஞ்சள் துணிக்குள்ளிருந்து புலியின் மீசை மட்டும் லேசாகத் தெரிந்தது.

"என்ன காதர், இது?"

"பேரில்லாம ஆடிரலாம் ஸார். புலி இல்லாம ஏலாது. ஒரு வருசந்தானே... உள்ள கெடக்கட்டும்." முழங்கால் கட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி ஓடினார்.

அடுத்த வருஷ பைனலுக்கும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.