ஏழாவது கம்ப்யூட்டர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மார்ச் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று நாற்பத்தேழு. அந்த அறையில் நான் இருந்தேன். நீங்கள் இல்லை.

என் பெயர் ருக்ஷானா. கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடம் கூப்பிட்டது. ஏழு பழைய கம்ப்யூட்டர்கள். மறுநாள் காலைக்குள் ஓடாவிட்டால் எல்லாம் குப்பை லாரிக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு வேறு கிடையாது. புது விண்டோஸை அவை தாங்காது; பழைய விண்டோஸ் செவன்தான் வழி. கண்ட தளத்தில் இறக்கினால் வைரஸும் கூடவே வரும். கம்பெனி தளத்திலேயே எப்போதோ இறக்கி வைத்த ஃபைல் என்னிடம் இருந்தது. கம்பெனி வெளியிட்ட சரிபார்ப்பு எண்ணோடு ஃபைலை ஒத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. இனி அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்பதால் நெட் ஒயரையும் பிடுங்கினேன்.

ஆறு முடிந்தது.

"ஏழாவதை வுட்டுடுங்க மேடம்," என்றார் கலையரசன் சார். அங்கே ஆசிரியர்.

"இன்னாத்துக்கு?"

"முன்ன ரிப்பேருக்கு வந்தவரு பாதியில எழுந்துட்டாரு. பஸ்சுக்குக்கூட நிக்கல. நடந்தே மலை எறங்கிட்டாரு."

"நான் முடிச்சுட்டுதாங்க எறங்குவேன்."

அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

எல்லாம் பதிவாகும் ஹார்ட் டிஸ்க்கை முழுசாகத் துடைத்தேன். இன்ஸ்டால் ஓடியது. 3.47-க்குப் பயனர் பெயர் கேட்டது. நான் கீபோர்டில் கை வைக்கவில்லை.

டக்... டக்...

கட்டத்தில் இரண்டு ஆங்கில எழுத்து. பி. ஓ.

போ.

அழித்தேன். மறுபடி வந்தது.

கீபோர்டு ஒயரைப் பிடுங்கினேன்.

டக்... டக்...

போ. போ. போ...

பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். சில்லென்று.

கோபம் வந்தது. யாராக இருந்தால் எனக்கென்ன? பிள்ளைகளின் கம்ப்யூட்டர் இது.

ஒயரைச் சொருகினேன். எல்லாவற்றையும் அழித்தேன். ஒரே சொல் அடித்தேன்.

மாட்டேன்.

சத்தம் நின்றது.

மூச்சும்.

மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது... அடுத்த பக்கத்துக்குப் போனது.

4.35-க்கு முடித்தேன். ஏழும் ஓடின. மறுநாள் லாரி காலியாகத் திரும்பியது.

நான்காம் நாள் கலையரசன் சார் போன் செய்தார்.

"மேடம், தூசி தட்ட ஏழாவது பெட்டியத் தொறந்தோம். உள்ள ஹார்ட் டிஸ்க் இல்லீங்க. பழுதுன்னு ரெண்டு வருஷம் முன்னயே கழட்டி வீசிட்டாங்களாம். ரிஜிஸ்டர்ல இருக்கு."

"இப்ப ஓடுதா?"

"ஓடுதுங்க. பசங்க டைப் அடிச்சுக்கினுதான் இருக்காங்க."